அண்ணியின் இடுப்புப் பை

அதைப் பை என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். என் பழைய பாவாடையின் அடிப்பக்கத்தைக் கிழித்து, மூன்று பக்கம் தைத்து, மேலே நாடா கோத்த ஒரு துணி, அவ்வளவுதான். நீலத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. தைத்தது நான். ஊருக்கே ரவிக்கை தைத்துக் கொடுத்த என் அண்ணி, படுத்தபடியே அதை வாங்கிப் புரட்டிப் பார்த்து, "கோழி கிளறுன மாரி கீது உன் தையலு" என்றாள். நாடாவை இடுப்பில் முடிந்து மேலே புடவையைச் சுற்றிவிட்டால் வெளியே தெரியாது. அந்தப் பைக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். அந்தப் பெருமைதான் பிறகு எங்கள் இருவரையும் துப்பாக்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

1991ஆம் வருஷத்துக் கத்திரி வெயில். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் எங்கள் ஊர். இன்றைக்கு அங்கே கம்பெனிச் சுவரும் கன்டெய்னர் லாரியும்தான் கண்ணில் படும். அப்போது ஏரித் தண்ணீரில் விளையும் நெல் வயல், நடுவில் ஒரு தார் ரோடு, அதில் எப்போதாவது ஒரு பஸ். அண்ணன் அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை செய்தான். அங்கேயே தங்கி ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். அப்பா இல்லை. வீட்டில் அம்மா, அண்ணி, நான். அண்ணி தண்டலம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள் என்பதால் எங்களுக்குள் சண்டைக்கும் குறைவில்லை, கூட்டுக்கும் குறைவில்லை. மார்பில் கட்டி இருக்கிறது என்று அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். அண்ணனிடம் சொல்லக்கூட அவளுக்குக் கூச்சம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு கேன்சர் என்றார்கள். இடது மார்பை முழுதாக எடுத்தார்கள்.

எடுத்த இடத்தில் உள்ளே நீர் சேருமாம். அது வெளியேறுவதற்காக அக்குளுக்குக் கீழே துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றைச் செருகித் தைத்திருந்தார்கள். குழாயின் மறுமுனையில் மடிப்பு மடிப்பான ஒரு பிளாஸ்டிக் டப்பா, சின்ன டிபன் பாக்ஸ் அளவு. அதை அமுக்கிப் பிடித்து மூடியைப் போட்டால் மெல்ல மெல்ல விரிந்து உள்ளே இருக்கும் நீரை இழுத்துக்கொள்ளும். இந்த டப்பாவோடு அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதை இடுப்பில் கட்டிவைக்கத்தான் நான் அந்தப் பையைத் தைத்தேன். கட்டிலுக்குக் கீழேயும் ஆள் படுத்திருந்த வார்டு அது, யாரையும் குறை சொல்ல முடியாது. அடுத்த வாரம் வாருங்கள், நீர் குறைந்திருக்கும், குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். காலையும் மாலையும் டப்பாவைத் திறந்து, டானிக் மூடியால் அளந்து கொட்டிவிட்டு, மறுபடி அமுக்கி மூட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவாத கையால் தொடக் கூடாது. குழாய் அடைத்துக்கொண்டால் மேலே ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் கீழ்நோக்கி உருவிவிட வேண்டும். நர்சம்மா செய்து காட்டிவிட்டு, "மாட்டுல பால் கறப்பல்ல? அதே மாரிதான்" என்றார். எனக்குக் கறந்து பழகிய கைதான். ஆனால் அதைக் கேட்டதும் அண்ணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நாங்கள் ஊர் திரும்பும் முன்பே அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். எனக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு அரிசி மண்டியில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போய், பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தட்டு மாற்றுவதுதான் பாக்கி. கேன்சர் என்று காதில் விழுந்தால் அவர்கள் இந்தத் திசையிலேயே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள் என்பது அம்மாவின் பயம். பயப்படக் காரணமும் இருந்தது. அது ஒட்டிக்கொள்ளும் நோய் என்றுதான் அப்போது பாதி ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. ஆகவே அண்ணிக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொல்லிவிடுவது என்று ஆயிற்று. எங்கள் தெருவிலேயே இரண்டு பேருக்குக் குடல்வாலை எடுத்திருந்தார்கள், அதற்கு யாரும் பயப்பட மாட்டார்கள். யார் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அப்பெண்டிக்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா எனக்குப் பாடம் நடத்தினாள். அண்ணியை யாரும் கேட்கவில்லை. "அத்தே சொல்ற மாரியே சொல்லிக்கலாம்" என்று மட்டும் அவள் என்னிடம் சொன்னாள்.

பொய்யை வைத்துக் காப்பாற்ற ஒரு அறை வேண்டியிருந்தது. நெல் மூட்டை அடுக்கும் உள் அறையைக் காலி செய்து அண்ணியை அங்கே படுக்க வைத்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு அக்காவின் வாசல், அதனால் திறக்கக் கூடாது. அந்த அக்காவிடம் ஒரு விஷயம் போனால் அடுத்த பஸ் வருவதற்குள் ஒரகடம்வரை போய்விடும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே நெல் தூசியும் டெட்டால் நாற்றமும் வியர்வையும். அண்ணியால் ரவிக்கை போட முடியாது, அண்ணனின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். இடது பக்கம் திரும்பினால் காயம், வலது பக்கம் திரும்பினால் குழாய் இழுக்கும். தலையைச் சீவக்கூடக் கை மேலே வராது. மல்லாந்து கிடந்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த அறைக்குள் போகவே பிடிக்காது. உள்ளே போனால் எப்போது வெளியே வருவோம் என்றிருக்கும். வெளியே வந்து கதவைச் சாத்தினால் அவளை வைத்துப் பூட்டிவிட்டு வந்ததுபோல் இருக்கும்.

ஆபரேஷன் ஆனவரைப் பார்க்க வராமல் எங்கள் ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். ரொட்டி, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி என்று எதையாவது வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் நான் ஓடிப்போய் அண்ணியின் மேல் கழுத்துவரை போர்வையை இழுத்துவிடுவேன். அந்த வெயிலில் போர்வை. அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு முனக வேண்டும். ஒருநாள் தவறிப்போய் இடது பக்கம் வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டு அக்கா உற்றுப் பார்த்து, அப்பெண்டிக்ஸ் வலது பக்கமாச்சே என்றாள். வலி சுற்றி வருகிறது என்று அண்ணி சமாளித்தாள். அக்கா போனபிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தால் தையல் இழுக்கும், அதனால் அண்ணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பில் வந்த தண்ணீர்தான் என்று என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

டப்பாவில் சேரும் நீரைச் சொம்பில் ஊற்றி, மேலே வாழையிலைத் துண்டைப் போட்டு மூடி, தோட்டத்து முருங்கையடியில் குழி தோண்டிக் கொட்டுவேன். முதலில் ரத்தமாக வந்தது. பிறகு வெளுத்து, கேழ்வரகுக் கஞ்சித் தெளிவுபோல் ஆயிற்று. அது நல்ல அறிகுறி என்று நர்சம்மா சொல்லியிருந்தார். ஒருநாள் காலையில் டப்பா அமுக்கினது அமுக்கினபடியே கிடந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. கட்டுக்குக் கீழே அண்ணியின் தோல் பலூன்போல் உப்பிக்கொண்டு வந்தது. கை கழுவிக்கொண்டு வந்து உருவினேன். குழாயைப் பிடுங்கிவிடுவோமோ என்ற பயத்தில் கை வழுக்கியது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு, "மாட்டுக்குப் பயந்தா பால் கறக்க முடியுமா, உருவுடி" என்றாள். கருப்பாக ஒரு ரத்தக்கட்டி நகர்ந்து நகர்ந்து டப்பாவில் போய் விழுந்தது. பின்னாலேயே நீர் ஓடியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இன்னும் ஓரிரு நாள்தான், குழாயை எடுத்துவிடுவார்கள் என்று அவள்தான் எனக்குச் சமாதானம் சொன்னாள்.

குழாயை எடுக்கப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய இரவுதான் ஸ்ரீபெரும்புதூரில் அந்தத் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. யார் போனார், எப்படிப் போனார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அதுவரை பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் சொல்லிக்கொண்டிருந்த ஊர்ப் பெயரை ஒரே இரவில் உலகமே சொல்ல ஆரம்பித்தது. காலையில் பால் எடுக்க வந்தவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் புறப்படத் தயாராக நின்றிருந்தோம். பஸ் வரவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. கடைகளை அடைத்தார்கள். எங்கேயோ லாரி எரிகிறது என்றார்கள். அம்பத்தூரிலிருந்து அண்ணனாலும் வர முடியவில்லை. கட்டிய புடவையோடு அண்ணி மறுபடி அந்த அறைக்குள் போய்ப் படுத்தாள்.

போலீஸ் ஜீப் ஊருக்குள் வந்துபோக ஆரம்பித்தது. புது ஆள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். குண்டை வெடிக்கவைத்தவள் ஒரு பெண், துணிக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாள் என்ற செய்தி பேப்பரில் வந்தது. எதிர்வீட்டு அக்கா அதைத் தெருக் குழாயடியில் ராகம் போட்டுப் படித்தாள். நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டேன். வீட்டுக்கு ஓடிவந்தால் அண்ணி பையின் நாடாவை முடிந்துகொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "என்னயும் புட்ச்சிக்கினு போனா நல்லதுதான். இந்த ரூமை வுட்டு வெளிய வருவேன் இல்ல" என்றாள்.

அதற்குள் நீரின் நிறம் மாறிவிட்டது. கலங்கலாகி வாடை வீச ஆரம்பித்தது. குழாய் நுழையும் இடத்தில் தோல் சிவந்து, தொட்டால் சுட்டது. காய்ச்சல் அடித்தது. ஒரகடத்தில் ஒரு டாக்டர் இருந்தார். கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் அம்மாவிடம் மல்லுக்கு நின்றேன். அவரிடம் காட்டினால் ஊருக்கே காட்டினதுபோல்தான், அவருடைய கம்பவுண்டர் வாலாஜாபாத்துக்காரர் என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளும் மூலையில் உட்கார்ந்து அழுதாள். அம்மா கெட்டவள் இல்லை. ஒரு கையில் மகள், ஒரு கையில் மருமகள், இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் நெருப்பாய்க் கொதித்தது அண்ணியின் உடம்பு.

பஸ் ஓட ஆரம்பித்த முதல் நாளே அண்ணியும் நானும் கிளம்பினோம். அண்ணியின் இடுப்பில் பை, அதன்மேல் பாவாடை, அதன்மேல் புடவை, எல்லாவற்றுக்கும் மேலே அம்மா ஒரு துண்டையும் சுற்றிவிட்டாள். எங்கள் போதாத காலம், எதிர்வீட்டு அக்காவும் அதே பஸ்ஸில் ஏறினாள். தையல் பிரிக்கவா என்று விசாரித்துக்கொண்டு எங்களுக்கு முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டில் டிரம்மை உருட்டிப் போட்டு பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்க வேண்டும். பெண்களைச் சோதிக்க இரண்டு கழிக்கு நடுவில் ஒரு தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். காக்கிப் புடவையில் ஒரு போலீஸ் அம்மா.

எங்கள் முறை வந்தது. கையைத் தூக்கச் சொன்னார். அண்ணி வலது கையைத் தூக்கினாள். இடது கை மார்பு உயரத்துக்கு மேல் போகவில்லை. "ரெண்டு கையும் தூக்குன்னேன்" என்றார் அந்த அம்மா. அண்ணி முயன்று பார்த்தாள், முகம் கோணியது. அந்த அம்மாவின் கை இடுப்புக்கு வந்தது. துண்டைத் தாண்டி, புடவையைத் தாண்டி, டப்பாவில் பட்டது. அடுத்த நொடி அவர் பின்னால் துள்ளிக் கத்தினார். தார்ப்பாய் சரிந்து விழுந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் வயலுக்குள் ஓடினார்கள். துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள் வந்து தூரத்தில் நின்றுகொண்டு அசையாதே என்றார்கள். நட்ட நடு ரோட்டில் அண்ணியும் நானும்தான் நின்றோம். இடுப்பில் என்ன என்று கேட்டார்கள். என் வாயிலிருந்து பாடம் செய்த சொல்தான் வந்தது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்றேன். இழுபட்ட புடவைக்குள் குழாய் தெரிந்துகொண்டிருந்தது.

"கொழா மேல போவுது. அப்பெண்டிஸ் இன்னா அக்குள்லயா கீது?" என்றார் போலீஸ் அம்மா.

துப்பாக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அண்ணி பேசினாள். கத்தவில்லை. ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"அவ சின்னப் பொண்ணு, வூட்ல சொல்லிக் குடுத்தத சொல்றா. எனக்கு மார்ல கேன்சரு. ஒரு பக்கத்த எடுத்துட்டாங்க. அதுல ஊறுற தண்ணிதான் இது."

சொல்லிவிட்டு, வலது கையால் முடிச்சை அவிழ்த்து, டப்பாவை வெளியே எடுத்து நீட்டினாள். வெயிலில் அந்தக் கலங்கல் நீர் தெளிவாகத் தெரிந்தது. போலீஸ் அம்மா மெல்லக் கிட்டே வந்து பார்த்தார். வாடையும் வந்திருக்கும். விழுந்து கிடந்த முந்தானையை எடுத்து அண்ணியின் தோளில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார். அதற்கான பதில் வாலாஜாபாத் அரிசி மண்டியில் இருந்தது.

மேலதிகாரி வந்து ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்க்கும்வரை எங்களை ஓரமாக உட்கார வைத்தார்கள். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. போகும் முன் எதிர்வீட்டு அக்கா கிட்டே வந்தாள். அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை அண்ணியின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். பட்டணம் போகும் வேன் ஒன்றை நிறுத்தி போலீஸ் அம்மாவே எங்களை ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்டபடி திட்டினார். குழாயை உருவியபோது சீழும் கூடவே வந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார். அண்ணியை அங்கேயே படுக்க வைத்து ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். டப்பாவைக் குப்பையில் போட்டார்கள். பையை மட்டும் அண்ணி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் வீடு திரும்பியபோது ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. வாலாஜாபாத்திலிருந்து இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பெண்டிக்ஸ் என்றே சாதித்திருக்கக் கூடாதா என்று அம்மா ஆற்றாமையில் கேட்டாள். "சாதிச்சிருந்தா சுட்டிருப்பாங்க அத்தே" என்றாள் அண்ணி. அம்மா அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவை பார்த்த பையனுக்காக அழுதேன். அழுது முடித்துவிட்டு உள் அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். எதிர்வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அண்ணி அந்த அறையில் மறுபடி படுக்கவே இல்லை. கூடத்தில்தான் படுத்தாள்.

எடுத்த மார்பின் இடத்தில் பஞ்சு வைத்தால் ரவிக்கை மேலே ஏறிக்கொள்கிறது, கனம் வேண்டும் என்று, அந்தப் பையை மடித்துக் கேழ்வரகைக் கொட்டி வாயைத் தைத்தாள் அண்ணி. வெளியே போகும்போது நாடாவைத் தோளில் மாட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கூடத்து ஆணியில் மாட்டிவிடுவாள். யாராவது வந்தால் அம்மா அதை எடுத்து ஒளித்துவைப்பாள். அவர்கள் போனதும் அண்ணி மறுபடி மாட்டுவாள். பிறகு யார் இருந்தாலும் மாட்டினாள். கொஞ்ச வருஷத்தில் அம்மாவே அதை இறக்கி, வண்டு வந்துவிட்டது என்று பழைய கேழ்வரகைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் புதுசு நிரப்பித் தைத்து மாட்ட ஆரம்பித்தாள். வாயை மட்டும்தான் பிரிப்பார்கள். அவ்வளவு நல்ல தையல்காரி வீட்டில் இருந்தும் என்னுடைய மூன்று பக்கத் தையலை யாரும் தொடவில்லை.

எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்த அன்றே அண்ணி எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னாள். என் இரண்டாவது பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை இருந்தாள். அந்த நோயே திரும்பி வந்துதான் போனாள். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா கேன்சர் என்றே சொன்னாள். அண்ணியின் நினைவாக நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது அந்தப் பையைத்தான். என் வீட்டுக் கூடத்திலும் ஒரு ஆணி அடித்து மாட்டினேன்.

இப்போது வல்லம் வடகாலில் ஒரு கம்பெனி கேட்டில் எனக்குப் பெண்களைச் சோதிக்கும் வேலை. ஷிப்ட் மாறும்போது வரிசையாக வருவார்கள். திரைக்குப் பின்னால் கையைத் தூக்கி நிற்பார்கள். கையை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தியையும் கேட்பேன், உள்ளே ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடம்மா என்று. இதனால் வரிசை நீள்கிறது என்று சூப்பர்வைசருக்கு என்மேல் கோபம். போன மாதம் அசெம்ப்ளி லைனில் வேலை செய்யும் ஒருத்தி, இடது கையைப் பாதிவரைதான் தூக்கினாள். நான் கேட்பதற்குள் அவளே, "லெஃப்ட் சைடு பஞ்சு கீதுக்கா, ஆபரேஷன் பண்ணது" என்றாள். பஸ் நம்பரைச் சொல்வதுபோலச் சொன்னாள். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சு மேலே ஏறிக்கொள்ளுமே என்றேன். ஆமாம் என்று சிரித்தாள்.

மறுநாள் பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தேன். கேழ்வரகு போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீலம் வெளுத்துப் பூவும் மங்கிவிட்டிருந்தது.

"தையலு கோணலா கீதேக்கா. பிரிச்சிட்டு தெச்சிக்கட்டா?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"பிரிச்சிட்டு நல்லா தெச்சிக்கோம்மா" என்றேன்.